கல்லால் எழுந்தது; சொல்லால் எழுமா?

(மதுரையில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

வையையின் வடகரையில், மருத்துவர் தங்கராசு சாலையில், சட்டக் கல்லூரிக்கு அணித்தாக ஒரு பெருங்கட்டடம் நிற்கிறது. அதன் பெயர் உலகத் தமிழ்ச் சங்கம். 1981 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில், அந்நாள் முதலமைச்சர் ம.கோ.இரா. அவர்களால் அறிவிக்கப்பெற்று, 1986 இல் தொடங்கி வைக்கப்பெற்று, 2016 மார்ச்சு முதல் நாளன்று, அந்நாள் முதலமைச்சர் செயலலிதா அவர்களால் சென்னையிலிருந்தே காணொளி வாயிலாகத் திறந்து வைக்கப்பெற்ற கட்டடம் அது. ஓர் அறிவிப்புக் கல்லாகவும் காரையாகவும் உருவெடுப்பதற்கு 35 ஆண்டுகள் பிடித்தன. அன்று தொட்டிலில் கிடந்த பிள்ளைக்குத் திறப்பு விழாவன்று 35 அகவை.

ஆயினும் எழுந்தது. எழுந்தமைக்கு மகிழ்வதே தமிழர் கடன். ஆனால் மகிழ்ச்சியோடு ஒரு வினாவும் எழுகிறது: கல்லால் எழுந்த அக்கட்டடம் சொல்லால் எழுந்திருக்கிறதா? சுவர் உயர்ந்த அளவிற்குச் சுவடி உயர்ந்ததா? இவ்வினாவை எழுப்புவது ஓர் அரசைப் பழிப்பதற்கோ ஒரு நிறுவனத்தைக் குறைகூறுவதற்கோ அன்று. வினா அரசை நோக்கியது பாதி. இங்கே அமர்ந்திருப்போரை நோக்கியது பாதி.

கட்டிடமும் கட்டடமும்

முதற்கண் ஒரு சொல்லாய்வு. 'கட்டிடம்' என்றும் 'கட்டடம்' என்றும் இருவகையாக மக்கள் எழுதுகின்றனர். கட்டுதற்குரிய இடம் கட்டிடம். கட்டி முடிக்கப்பெற்றது கட்டடம். வெற்று மனை கட்டிடம். அதன்மேல் எழுந்து நிற்பது கட்டடம். ஓரெழுத்து வேறுபாட்டில் ஒரு பெரும் பொருள் வேறுபாடு அடங்கியிருத்தல் காண்க. உலகத் தமிழ்ச் சங்கம் கற்றச்சர்க்கும் கொத்தர்க்கும் கட்டடம். தமிழ் அறிஞர்க்கோ அது இன்னும் கட்டிடமே. இனிமேல்தான் அதன்மீது கட்ட வேண்டியிருக்கிறது.

அடுத்து, 'சங்கம்' என்னும் சொல். பழம்பாடல்களில் இச்சொல் புலவர் அவையைக் குறித்து வந்ததில்லை. மதுரையின் பழம்பெயரே கூடல். கூடியிருந்து ஆய்தலைப் 'புணர்கூட்டு' என்று சுட்டுகிறது மதுரைக்காஞ்சி. மொழிஞாயிறு பாவாணர் 'கழகம்' என்றே எழுதினார். அயற்சொல் வந்து குடிபுகுந்த பின் வீட்டுக்காரன் திண்ணைக்குப் போன கதை இது. உலகத் தமிழர்க்கெனத் தமிழ்நாட்டில் எழுந்த அவையத்தின் பெயர்ப்பலகையில், தமிழுக்குரிய சொல் இடம்பெறவில்லையென்பது சிறிய செய்திபோல் தோன்றும். சிறிய செய்தியன்று. வாயிற்படியில் தவறியது உள்வீட்டிலும் தவறும்.

மதுரையே ஒரு பல்கலை வளாகம்

பல்கலைக்கழகம் என்றவுடன் இற்றை இளைஞர் நெஞ்சில் மேலை நாட்டு ஊர்ப்பெயர்களே தோன்றுகின்றன. நாகமலை அடிவாரத்தில் 1966 இல் தொடங்கப்பெற்று, 1978 இல் காமராசர் பெயர் பூண்ட பல்கலைக்கழகத்திற்கு முன்னரே, மதுரை என்னும் ஊரே ஒரு பல்கலை வளாகமாக இருந்ததென்பதை எத்துணைப் பேர் எண்ணுகின்றனர்?

இறையனார் களவியலுரை மூன்று கழகங்களைக் கூறுகிறது. முதற்கழகத்தில் வீற்றிருந்தோர் 549 பேர். பாடினோர் 4449 பேர். அது நடந்தது 4440 ஆண்டு. இடைக்கழகத்திற்கு 3700 ஆண்டு. கடைக்கழகத்தில் இருந்தோர் 49 பேர்; பாடினோர் 449 பேர்; ஆண்டு 1850. இவ்வெண்களை அப்படியே வரலாறாகக் கொள்வார் உளர். மிகை என்று தள்ளுவாரும் உளர். அவ்வழக்கு இங்கு வேண்டா. வேறொன்றைக் கருதுக. எத்துணைப் பேர் இருந்தனர், எவர் பாடினர், எந்நூல் பாடினர், எவ்வரசர் காத்தனர், எவ்வூரில் இருந்தனர் என்று இத்துணைக் கணக்குக் கூறும் அவ்வுரை, அக்கழகம் எத்துணைத் தூண் உடையது, எத்துணை மாடம் உடையது என்று ஒரு சொல்லும் கூறவில்லை! உரையாசிரியர்க்குக் கட்டடம் கணக்கில் வரவில்லை. இருந்தோரும் இயற்றியனவுமே கணக்கில் வந்தன.

கட்டடத்திற்கு மாறாக மக்கள் நினைவில் நின்றது ஒரு பலகை. தகுதியுடையார் வரின் விரிந்து இடங்கொடுக்கும் என்று தொன்மக்கதை புகலும் கழகப்பலகை. கதை கதையாகவே இருக்கட்டும். அதன் உட்பொருளைக் கொள்க. இருக்கை தகுதிக்கு உரியது. குலத்திற்கோ செல்வத்திற்கோ உரியதன்று.

அப்பலகையில் அமர்ந்தோர் யாவர்? பெயர்களைப் பாருங்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்: துணி விற்றவர். மதுரைக் கூலவாணிகன் சாத்தனார்: தவசம் விற்றவர். மதுரைப் பொன்செய் கொல்லன் வெண்ணாகனார்: பொற்கொல்லர். மதுரைக் கணக்காயனார்: பள்ளி ஆசிரியர், அவர் மகனாரே நக்கீரனார். கடையில் பேசிய தமிழும் பட்டறையில் பேசிய தமிழும் அவையில் பேசிய தமிழும் ஒன்றாக இருந்தமையாலன்றோ, துணி அளந்த கை ஏடு எழுதவும், பொன் உருக்கிய கை பாட்டுக் கட்டவும் இயன்றது?

அந்நக்கீரனார் பாடிய நெடுநல்வாடை அரண்மனை கட்டும் முறையைக் கூறுகிறது. இரு கோல்களை நட்டு, நிழலால் திசை தெளிந்து, கயிறிட்டு அளந்து மனை வகுத்தமையை அப்பாட்டில் காணலாம். அங்ஙனம் மனை வகுத்த கட்டட வல்லாரைப் 'புலவர்' என்றே பாட்டுச் சுட்டுகிறது. கட்டடக்கலை வல்லாரும் புலவர். பாட்டு வல்லாரும் புலவர். அறிவியலுக்கு ஒரு மொழி, பாட்டுக்கு ஒரு மொழி என்னும் பிளவு அன்றில்லை.

இதற்கு மண்ணும் சான்று கூறுகிறது. மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 13 அயிரமாத்திரி (கிலோமீட்டர்) தொலைவில் உள்ள கீழடியில் 2014-15 முதல் அகழாய்வு நடந்து வருகிறது. அங்குக் கிடைத்த கரியை ஆய்ந்து, கி.மு. 6 ஆம் நூற்றாண்டு எனக் காலங்கண்டதைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019 இல் வெளியிட்டது. செங்கற்சுவர்களும் உறைகிணறுகளும் அங்கு வெளிப்பட்டன. ஆதன் என்றும் குவிரன் என்றும் தமிழி எழுத்திற் பொறித்த பானையோடுகளும் வெளிப்பட்டன. அரண்மனைத் தூணிலன்று, சோற்றுப் பானையில் எழுத்து! அடுக்களை வரை எழுத்துச் சென்றிருந்த நாடு இது.

பதினாயிரவர் பயின்ற மதுரை

இனி, கட்டடம் ஓங்கித் தமிழ் ஒடுங்கிய காலம் ஒன்றையும் நினைவுகூர வேண்டும். இத்தாலிய நாட்டுத் துறவி இராபர்ட்டு தெ நொபிலி 1606 இல் மதுரைக்கு வந்தார். 1610 இல் அவர் எழுதிய மடலொன்றில், மதுரையில் பதினாயிரத்திற்கும் மேற்பட்ட மாணவர்கள் அரசின் கொடையால் உயர்கல்வி பயின்றனர் என்று குறிக்கிறார். பதினாயிரவர்! இற்றைப் பல்கலைக்கழகங்களுக்கும் பெருமை தரும் தொகை. ஆனால் அம்மடலே மற்றொன்றும் கூறுகிறது: அவர் அனைவரும் பார்ப்பனர், உயர்ந்த அறிவுத்துறைகளைப் பயிலும் உரிமை அவர்க்கே இருந்தது. பயின்ற மொழியும் வடமொழியே.

அந்நூற்றாண்டில்தான் திருமலை நாயக்கர் அரண்மனை 1636 இல் எழுந்தது. இன்று எஞ்சி நிற்பது அதன் நாலில் ஒரு பங்கே. அப்பங்கே காண்பார் கண்ணை மலைக்க வைக்கிறது. கலைச்சிறப்பை மறுப்பாரில்லை. ஆயின் அத்தூண்களின் நிழலில் தமிழ்நூல் எத்துணை எழுந்தன? தமிழ் உயர்கல்வியினின்று விலக்கப்பெற்று, ஊர்த் திண்ணைகளிலும் மடங்களிலும் உயிர் பிழைத்தது. அரசின் கொடை இருந்தது, ஆசிரியர் இருந்தனர், மாணவர் பதினாயிரவர் இருந்தனர், மதுரையும் இருந்தது. தமிழ் மட்டும் இல்லை. ஆகவே, மதுரையில் ஒரு கல்வி நிலையம் இருத்தலாலேயே அது தமிழ்க்கல்வி நிலையம் ஆகிவிடாது என்பதற்கு 1610 ஆம் ஆண்டே சான்று.

ஒரு தனி மாந்தர் எழுப்பிய கழகம்

ஏறத்தாழ 300 ஆண்டு கழித்துப் பாலவனத்தம் குறுநிலத் தலைவர் பாண்டித்துரைத் தேவர் மதுரைக்கு உரையாற்ற வந்தார். உரைக்குக் குறிப்பெடுக்கத் திருக்குறள் கேட்டார். நகரில் ஒரு படியும் எளிதிற் கிடைக்கவில்லை என்று கூறுவர். கழகம் வளர்த்த கூடலில் குறள் இல்லை என்னும் நாணம் அவர் நெஞ்சைச் சுட்டது. 1901 செபுதம்பர் 14 அன்று நான்காம் தமிழ்ச்சங்கம் தோன்றியது. சேதுபதி மன்னர் பாசுகரர் தோள்கொடுத்தார். 'செந்தமிழ்' இதழ் பிறந்தது, ஏடுகள் தொகுக்கப்பெற்றன, நூல்நிலையமும் அச்சுக்கூடமும் அமைந்தன, தேர்வுகள் நடந்தன. தேர்வுகளின் பெயர் பிரவேசம், பாலபண்டிதம், பண்டிதம் என வடமொழியாகவே இருந்தமை அக்காலக் குறை. அத்தேர்வுகளால் தமிழாசிரியர் வழிவழியாக உருவானமை அக்காலப் பேறு.

மதுரையை அடுத்த விளாச்சேரியிற் பிறந்து, சூரியநாராயணர் என்னும் தம் பெயரையே பரிதிமாற் கலைஞர் எனத் தமிழாக்கிக்கொண்ட பெருமகனார், தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று அந்நாளிலேயே நிறுவி எழுதினார். அதனை இந்திய அரசு ஒப்புக்கொண்டது 2004 இல். அவர் மறைந்தது 1903 இல், தம் 33 ஆம் அகவையில். பாண்டித்துரையார் மறைந்தது 1911 இல், 44 ஆம் அகவையில். குறுகிய வாழ்நாள், நீண்ட பயன்.

பின்னாளில் அப்பண்டிதத் தேர்வை 1924 இல் எழுதி வென்றார் ஓர் இளைஞர். அவர்தாம் ஞா. தேவநேயப் பாவாணர். ஒரு தனி மாந்தர் நட்ட மரம் எத்தகைய கனி தந்தது பாருங்கள்!

1981: ஒரே ஆண்டு, மூன்று செய்தி

அப்பாவாணர் 1974 முதல் தமிழக அரசின் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராக இருந்தார். 1981 சனவரி 5 அன்று, மதுரை மாநாட்டில், 'மாந்தன் தோற்றமும் தமிழர் மரபும்' என்னும் பொருள்பற்றி உரையாற்றினார். அன்றே நெஞ்சாங்குலை நோயுற்றார். மதுரை அரசு மருத்துவமனையில் கிடந்து, இரு கிழமைக்குள் கண்மூடினார். எம்மாநாட்டில் உலகத் தமிழ்ச் சங்கம் அறிவிக்கப்பெற்றதோ, அம்மாநாட்டிலேயே தமிழ்ச்சொல்லின் வேர்கண்ட பேரறிஞரின் இறுதி உரையும் நிகழ்ந்தது. ஒரு கட்டடத்தின் அறிவிப்பும் ஒரு கருவூலத்தின் மறைவும் ஒரே ஊரில், ஒரே திங்களில்.

அவ்வாண்டின் மே இறுதி நாள் இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்களும், மீட்டற்கரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. பின்னர் அந்நூலகக் கட்டடம் மீண்டும் எழுப்பப்பெற்றது. சுவர் திரும்பி வந்தது. குவிமாடம் திரும்பி வந்தது. ஒருபடியே இருந்த சுவடி திரும்பி வரவில்லை. கட்டடம் எது, கருவூலம் எது என்பதை யாழ்ப்பாணத் தமிழர் தீயில் நின்று கற்றனர். மதுரைத் தமிழர் நிழலில் இருந்தே கற்கலாம்.

பாவாணர் தொடங்கிய அகரமுதலியின் முதற்பகுதி 1985 இல் வெளிவந்தது. 12 மடலங்களும் முற்றுப்பெற்றது 2011 இல். தொடக்கத்திலிருந்து 37 ஆண்டுகள். கட்டடத்திற்கு 35 ஆண்டு. அகரமுதலிக்கு 37 ஆண்டு. இரண்டும் தமிழர் பணத்தால் முடிந்தவை. கட்டடத்தைக் கண்டோர் எத்துணைப் பேர்? அகரமுதலியைத் திறந்து ஒரு சொல்லேனும் தேடினோர் எத்துணைப் பேர்? இங்கிருப்போர் தத்தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்க.

கொத்தனார் மகள்

இப்பொழுது ஓர் எடுத்துக்காட்டு. மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து நாள்தோறும் மதுரைக்கு வந்து கட்டட வேலை செய்யும் ஒரு கொத்தனாரை எண்ணிப் பாருங்கள். அவர் கையில் கரணை. பையில் தூக்குக்குண்டு, மட்டப்பலகை, மூலைமட்டம். வானம் தோண்டுவார், கடைக்கால் போடுவார், சாரம் கட்டுவார், சாந்து குழைக்கச் சொல்வார், உத்தரம் ஏற்றுவார். கடைக்கால் முதல் கைப்பிடிச் சுவர் வரை, அவர் வாயில் வருவது தமிழ். எப்பல்கலைக்கழகமும் அவர்க்குக் கலைச்சொல் ஆக்கித் தரவில்லை. தந்தைவழி வந்த சொல். தச்சர்வழி வந்த சொல். நெடுநல்வாடைப் புலவர்வழி வந்த சொல்.

அவர்க்கு ஒரு மகள். ஊர்ப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் பயின்று, நல்ல மதிப்பெண் பெற்று, கட்டடப் பொறியியல் பயிலக் கல்லூரிக்குச் செல்கிறாள். அங்கே ஆசிரியர் 'பிளம்ப் பாப்' என்கிறார், 'இசுகாபோல்டிங்' என்கிறார், 'பீம்' என்கிறார், 'பவுண்டேசன்' என்கிறார். குழந்தைப் பருவம் முதல் தந்தையின் பையில் பார்த்துத் தொட்டு விளையாடிய தூக்குக்குண்டைத்தான் ஆசிரியர் சொல்கிறார் என்று அவளுக்கு விளங்குவதற்குள் பாடம் முடிந்துவிடுகிறது. அறிந்த பொருளை அறியாத பொருளாக மாற்றிக்காட்டும் மாயவித்தையே இன்றைய உயர்கல்வி. முதற்பருவத் தேர்வில் அவள் தோற்றால் 'மண்டையில் ஏறவில்லை' என்பர். மண்டையில் குறையா? மொழியில் குறையா?

மாலையில் வீடு திரும்பும் மகளிடம் தந்தை, 'இன்று என்னம்மா படித்தாய்?' என்கிறார். அவள் சொல்கிறாள், அவர்க்கு விளங்கவில்லை. தாம் ஐம்பது வீட்டிற்குக் கடைக்கால் போட்டவர் என்பதும், மகள் படிப்பது தம் தொழிலைத்தான் என்பதும் அவர்க்குத் தெரியாமலே போகிறது. தந்தைக்கும் மகளுக்கும் நடுவே ஒரு சுவர் எழுந்துவிட்டது. அச்சுவருக்குச் செங்கல் அடுக்கியவர் அவர் அல்லர்.

பேரவையங்கள் எழுப்பும்பொழுது கட்டியவர் பேசியது தமிழ். வரைபடத்தில் எழுதியிருப்பது ஆங்கிலம். தமிழ் கீழே நின்று கல் சுமக்கிறது; ஆங்கிலம் மேலே நின்று ஏவுகிறது. தமிழுக்கென எழுப்பப்பெறும் கட்டடத்திலும் இதுவே நிலையாயின், அதனைத் தமிழ்க்கட்டடம் என்பது எங்ஙனம் பொருந்தும்?

முடியாது என்பார்க்கு

தமிழில் அறிவியல் முடியாது என்பார் உளர். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் பயிற்றினார். 1860-களில் தமிழிலேயே பயிற்றினார். உடற்கூறு, அறுவை மருத்துவம், மகப்பேறு ஆகியவை பற்றித் தமிழில் நூல்கள் ஆக்கினார். அயல்நாட்டார் ஒருவர்க்கு 150 ஆண்டுக்கு முன் முடிந்தது, தமிழ்த் தாய்ப்பால் குடித்தார்க்கு இன்று முடியாதாம்!

தமிழ்நாட்டிலும் முயற்சிகள் நடந்தன. 1960 இல் கோவை அரசு கலைக்கல்லூரியில் பட்டப்படிப்புத் தமிழ்வழியில் தொடங்கியது. 1970 இல் தோன்றிய தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் இயற்பியல், வேதியியல், வரலாறு, பொருளியல் எனப் பல நூறு கல்லூரிப் பாடநூல்களைத் தமிழில் வெளியிட்டது. 1979 முதல் 1982 வரை மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த மூதறிஞர் வ.சுப. மாணிக்கனார், பின்னர்த் தமிழ்வழிக் கல்வி இயக்கம் கண்டு ஊர்தோறும் சென்று உரைத்தார். 2010 இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. அதே ஆண்டு, தமிழ்வழியிற் பயின்றார்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காட்டு முன்னுரிமை தரும் சட்டமும் வந்தது. 2023 இல் சில உறுப்புக் கல்லூரிகளில் தமிழ்வழிப் பொறியியலை நிறுத்துவதாக அறிவிப்பு வந்து, எதிர்ப்பு எழவே அது கைவிடப்பெற்றது.

இவ்வரலாற்றில் ஓர் உண்மை புலனாகிறது. தொடங்குவதற்குத் தமிழ்நாட்டில் என்றும் ஆள் உண்டு, தொடர்வதற்குத்தான் இல்லை. தமிழ்வழிப் பொறியியலில் சேரும் மாணவர்க்கு, 'வேலை கிடைக்குமா?' என்னும் அச்சம் உண்டு. அவ்வச்சம் பொய்யன்று, ஏழை வீட்டுப் பிள்ளையின் அச்சத்தை எள்ளுதல் தமிழ்ப்பற்றும் ஆகாது. அரசின் ஒப்பந்தப்படிவம் தமிழில் இருந்தால், வரைபட ஒப்புதல் தமிழில் நடந்தால், தமிழ் அறிந்த பொறியாளரைக் குழுமங்கள் தேடி வரும். மொழிக்குச் சோறு போடாமல் மொழியை வாழ்த்திக்கொண்டிருத்தல், பசித்தவனுக்கு மாலை சூட்டுவது போன்றது.

இங்கிருப்போர் செய்ய வேண்டுவன

அரசுக்கு உரைக்க வேண்டுவன சில. உலகத் தமிழ்ச் சங்கம் ஆய்வரங்குகள் நடத்துகிறது, நூல்கள் வெளியிடுகிறது, அவை நல்லன. அவற்றோடு, மதுரைச் சமவெளியின் தொழிற்சொற்களை எல்லாம் ஊர் ஊராகச் சென்று தொகுக்கும் பணியை மேற்கொள்க. கொத்தர் சொல், தச்சர் சொல், விளாச்சேரிக் குயவர் சொல், சுங்குடி நெய்வார் சொல், கண்மாயும் மடையும் கலிங்கும் காத்த உழவர் சொல் ஆகிய அனைத்தும் இன்னும் ஒரு தலைமுறைக்கே எஞ்சியிருக்கும். முதியவர் ஒருவர் மறையுந்தோறும் சொற்கள் சில மறைகின்றன. எரிவது கண்ணுக்குத் தெரியாத நூலகம் அது. தொகுத்த சொற்களை அகரமுதலியின் வேர்ச்சொற்களோடு ஒட்டவைத்து, பொறியாளரையும் புலவரையும் ஒரு பலகையில் அமர்த்திப் பாடநூல் எழுதுவிக்க. கொத்தனாரையும் அப்பலகையில் அமர்த்துக. அறுவை வாணிகனும் பொற்கொல்லனும் அமர்ந்த பலகை அது, அவர்க்கும் விரியும்.

2023 மார்ச்சில் கீழடியில் செட்டிநாட்டுக் கட்டடப் பாங்கில் அருங்காட்சியகம் எழுந்தது. அதே ஆண்டு சூலை 15 அன்று நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் எழுந்தது. ஆகவே மதுரைக்கு இன்று கட்டடத்திற்குக் குறைவில்லை. கூரை இருக்கிறது, இருக்கை இருக்கிறது, ஏடும் இருக்கிறது. இனி வேண்டுவது இருப்போர்.

இங்கேதான் வினாவின் மறுபாதி வருகிறது. இக்கூட்டத்திற்கு வந்து, தமிழ் வாழ்க என்று முழங்கி, வீடு சென்று, விடியற்காலையில் பிள்ளையை ஆங்கிலவழிப் பள்ளி ஊர்தியில் ஏற்றிவிடுவோர் இவ்வவையில் இல்லையா? மேடையில் தூயதமிழ் பேசித் திருமண அழைப்பிதழை வடமொழியில் அச்சிடுவோர் இல்லையா? கடைப்பெயரை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, அரசு தமிழைக் காக்கவில்லை என்று புலம்புவோர் இல்லையா? அரசுப் பள்ளியில் தமிழ்வழி வகுப்பு மூடப்பெறுவது ஆணையால் மட்டும் அன்று. சேர வேண்டிய பிள்ளை சேராமையாலும்தான். இதனைச் சொல்லுங்கால் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிப்பதே நன்று, சுடாத சொல் துலக்காது.

ஒவ்வொருவரும் மூன்று செயல்களை மேற்கொள்க. தம் பிள்ளையைத் தமிழ்வழியில் சேர்க்க. தம் தொழிலில் வழங்கும் தமிழ்ச்சொற்களை, பத்தோ இருபதோ, ஓர் ஏட்டில் எழுதி வைக்க. திங்களுக்கு ஒருமுறையேனும் நூலகப்படி ஏறுக. எளியவைதாம், ஆயினும் பாண்டித்துரையார் தொடங்கியதும் ஒரு நூல் இல்லாத நாணத்திலிருந்துதான்.

அன்பார்ந்த தமிழ்ப் பெருமக்களே! கொத்தனார் மகள் ஒருநாள் பொறியாளராகி, தன் தந்தை போட்ட கடைக்காலின்மேல் எழும் கட்டடத்திற்குத் தமிழில் வரைபடம் எழுதித் தந்தையின் கையில் கொடுக்கட்டும். அவர் அதனை வாங்கி, ஒரு சொல்லும் விடாமல் படித்து, 'சரியம்மா, வேலையைத் தொடங்கலாம்' என்று சொல்லட்டும். அன்றுதான் வையைக் கரையில் ஐந்தாம் கழகம் கூடிற்று என்று பொருள்.

வெல்க தமிழ்! வாழ்க தமிழர்!